இடுப்புக் கம்பிக்கு யார் சொந்தக்காரர்?

ஜெபின் மக்கா,

போன வெள்ளிக்கிழமை காலையில் நீ போனில் கேட்டாய்: "அம்மா, எங்க கம்பெனி குடுத்த பேப்பர்ல கையெழுத்துப் போடட்டா?" நான் பதில் சொல்லவில்லை. "ரப்பர் ஷீட் அடிக்க ஆள் வந்து நிக்குது, பெறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டேன். ஆள் நின்றது உண்மைதான். ஆனால் அதற்காக மட்டும் வைக்கவில்லை. போனில் பேசியிருந்தால் "போடாத" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். ஏன் என்று நீ கேட்டிருப்பாய். அந்த ஏனுக்குப் பதில் போனில் சொல்லுகிற நீளத்தில் இல்லை. நீ வளர்ந்த ஆள். அம்மா சொன்னாள் என்பதற்காக ஒன்றைச் செய்யவும் வேண்டாம், செய்யாமல் இருக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும் படித்துவிட்டு முடிவெடு. என் முடிவை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காகிதத்தில் நீ கையெழுத்துப் போடக் கூடாது. ஆனால் நீ செய்த அந்த ஷீட் உலர்த்தும் அலமாரிக்குக் காப்புரிமை கட்டாயம் கேட்க வேண்டும், உன் பெயரிலும் சுயம்பு மாமா பெயரிலும் சேர்த்து. இரண்டையும் நான் ஒரே மூச்சில் சொல்லுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். பேட்டன்ட் என்ற பேச்சு வந்தாலே எழுந்து அடுக்களைக்குப் போய்விடுகிறவள்தானே உன் அம்மா.

என் வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்பதை நீ சின்னதிலிருந்தே பார்க்கிறாய். "ரோலர்ல மாட்டிச்சு" என்பதற்கு மேல் நான் உனக்குச் சொன்னதில்லை. சொல்லாததற்கு ஒரு ரகசியமும் கிடையாது. சோற்றைப் போட்டுக்கொண்டு சொல்லுகிற கதை இல்லை, அவ்வளவுதான். அப்போது நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிலரும் நாங்களும் சேர்ந்து மோட்டார் வைத்த ரோலர் ஒன்றை வாங்கியிருந்தோம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் ரப்பர். தனித்தனியாகக் கையால் சுற்றுகிற ரோலரில் அடித்து மாளவில்லை. தட்டில் உறைந்த ரப்பர்ப் பாலைக் கட்டியாக எடுத்து இரண்டு உருளைகளுக்கும் நடுவில் கொடுத்தால் மறுபுறம் ஷீட்டாக வரும். அன்று கட்டியின் ஓரம் மடங்கியது. நிமிர்த்திவிடக் கையை நீட்டினேன். உருளை கட்டியோடு என் விரலையும் எடுத்துக்கொண்டது. ஸ்விட்ச் எனக்குப் பின்னால் சுவரில் இருந்தது. கிழக்கு வீட்டு லீலா பால் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய் அதை அணைத்தாள். அவள் ஒரு எட்டுத் தாமதித்திருந்தால் கை முழுதும் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு உன் அப்பா தன் லேத் பட்டறையில் உட்கார்ந்து என்னவோ வெட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் ரோலரின் தலைக்கு மேல் பெரிய சிவப்பு பொத்தான் ஒன்றை மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "இனி கை மாட்டினா இத ஒரு தட்டு தட்டினா போதும், மெஷின் நிக்கும்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஒரு கை மாட்டினா மத்த கை பொத்தானுக்குப் போகும்னு யார் உங்களுக்குச் சொன்னது? அது மாட்டின கையப் பிடிச்சு இழுக்கத்தான் போகும்" என்றேன். "பின்ன எங்க வைக்கணும்?" என்று கேட்டார். நான் ரோலர் முன்னால் போய் நின்றேன். அதன் பக்கத்தில் போகவே அதுவரை உடம்பு கூசிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்ட கையை நீட்டி, இழுபடுகிறவள் மாதிரி முன்னால் சாய்ந்து காட்டினேன். "அன்னைக்கு என் உடம்பு முழுசும் மெஷின் மேல போய் விழுந்துது. இஞ்ச பாருங்க, இடுப்பு வந்து இடிக்குது. இந்த இடத்துல வையுங்க. நான் ஒண்ணும் செய்ய வேண்டாம், விழுந்தா போதும்."

அப்படித்தான் அந்த இடுப்புக் கம்பி வந்தது. குறுக்கே ஒரு இரும்புக் கம்பி. உடம்பு அதன் மேல் சாய்ந்தால் பெல்ட் விலகும், லாரி ஸ்பிரிங் ஒன்று மேல் உருளையைத் தூக்கிவிடும். உருளை சும்மா நின்றால் போதாது, கை வெளியே வருவதற்கு வழி வேண்டும் என்று ஸ்பிரிங்கை யோசித்தவர் அப்பா. முதல் சோதனைக்குக் கைக்குப் பதிலாக வாழைத்தண்டுப் பிண்டியைத்தான் உருளைக்குள் கொடுத்தோம். பாதி நசுங்கிய பிண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிற்பு எனக்கு இப்போதும் தெரிகிறது. "கொள்ளாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டு வராது என்று உனக்குத் தெரியும்.

பிறகு ஊர் வந்து பார்த்தது. குலசேகரத்தில் லேத் வைத்திருக்கும் சுயம்பு மாமாவும் வந்தார். நெற்றியில் நீளமாக நாமம், கையில் அளவு நாடா. உனக்கு அவரை நம் வீட்டு மனிதராகத்தான் தெரியும். அன்று எங்களுக்கு அவர் வேறொரு பட்டறைக்காரர். வந்தவர் எங்கள் கண் முன்னாலேயே கம்பியை, அது மாட்டியிருந்த கொளுத்தை, உருளையின் உயரத்தை எல்லாம் அளந்தார். அப்பாவுக்கு முகம் கறுத்தது. மாமா போன பிறகு என் மேல் பாய்ந்தார். "கஷ்டப்பட்டது நாம, அளவெடுத்துட்டுப் போறது அவன். நாகர்கோவில்ல ஒருத்தர் சொன்னார், இதுக்குப் பேட்டன்ட் எடுக்கலாமாம். எடுத்தா நம்மளக் கேக்காம எவனும் செய்ய முடியாது." நான் ஒரே பிடியாக நின்றேன். "எவளுக்கும் இனிமே விரல் போகாண்டாம்னு செஞ்சது இது. இத வச்சு வாசல்ல ஆளக் காவல் நிறுத்தணுமா? அளந்துட்டுப் போகட்டும். எல்லா லேத்துக்காரனும் அளக்கட்டும்." அப்பா என்னோடு சண்டை போடவில்லை. என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அந்தக் கைக்கு எதிராக அவரால் வாதாட முடியவில்லை.

கம்பி பரவியது. திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறைக்குப் போகிற வழியெல்லாம் உள்ள ரோலர் கொட்டகைகளில் அதைப் பார்க்கலாம் என்று ஆனது. பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்து மனசுக்குள் எண்ணிக்கொள்வேன். யாரும் நம்மைக் கேட்கவில்லை, யாருக்கும் நாம் தடை சொல்லவில்லை, நல்ல காரியம் தானாக நடக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை உடைத்தது லீலாதான்.

லீலா அப்போது பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு பெரிய தோட்டக்காரரின் கொட்டகையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே ரோலரில் கம்பி இருந்தது. அவள் கை மாட்டியது. கம்பியில் விழுந்தாள். பெல்ட் விலகியது, மோட்டார் வெறுமனே ஓடியது. ஆனால் மேல் உருளை எழும்பவில்லை. மெலிந்த ஸ்பிரிங். கட்டையை வைத்து நெம்பித்தான் கையை எடுத்தார்கள். எலும்பு கூடிய பிறகும் அந்த உள்ளங்கை முழுதாக விரியாது. கட்டோடு நம் முற்றத்துக்கு வந்து நின்றாள். அவள் என்னைத் திட்டவில்லை. "அக்கா, உங்க கம்பி இருக்கேன்னுதான் நான் தைரியமா நின்னேன்" என்றாள். என் கையைக் காப்பாற்றினவள் அவள்.

அந்த ரோலரைச் செய்தவர் சுயம்பு மாமா. விசாரித்துக்கொண்டு அப்பா போனபோது மாமா மறைக்கவில்லை. வாங்க வந்த தோட்டக்காரர் விலையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இவர் ஸ்பிரிங்கைக் குறைத்திருக்கிறார். "எழும்பும்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி, சும்மா ஓட்டிப் பாத்தப்போ எழும்பிச்சு. கை உள்ள இருக்கும்போது எழும்புமான்னு பாக்கல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம். வீட்டுக்கு வந்து அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பேட்டன்ட் நம்ம கையில இருந்திருந்தா, இந்த ஸ்பிரிங் போடாதவன் இத செய்யவே கூடாதுன்னு நான் சொல்லியிருப்பேன். இப்போ எந்த வாயால சொல்ல?" பிறகு அப்பாவும் மாமாவும் சேர்ந்து ஒவ்வொரு கொட்டகையாக ஏறி இறங்கி, மெலிந்த ஸ்பிரிங்குகளைக் கழற்றி நல்லதை மாட்டினார்கள். சிலர் கேட்டைத் திறக்கவே இல்லை. "நல்லாத்தான ஓடுது, நீங்க யாரு வந்து கைய வைக்க?" என்றார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தானே? நாங்கள் யார்? எங்களுக்கு அந்தக் கம்பியின் மேல் ஓர் உரிமையும் இல்லை என்று நான்தானே தீர்மானித்திருந்தேன்.

அதற்குப் பிறகு வந்தது நோட்டீஸ். அப்போது நீ காலேஜில் சேர்ந்த புதுசு. உன்னைக் கலைக்க வேண்டாம் என்று பாதியைத்தான் சொன்னோம். வெளியூரிலிருந்து ஒரு கம்பெனி, நீ இப்போது வேலை பார்ப்பது இல்லை, வேறொன்று, இந்தப் பக்கத்தில் ரோலர் விற்க வந்தது. அதிலும் நம் கம்பி, நம் ஸ்பிரிங். வரட்டும் என்று இருந்தோம். கொஞ்ச நாளில் சுயம்பு மாமா வியர்க்க வியர்க்க ஓடி வந்தார். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ். இந்த அமைப்புக்குக் கம்பெனி காப்புரிமை கேட்டிருக்கிறது, இதைச் செய்வதை உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருந்தது. "அக்கா, நான் உங்க வீட்டுல பாத்துச் செஞ்சத எவனோ தன்னோடதுன்னு சொல்லுதான். என்னையக் கள்ளன்னு எழுதியிருக்கான்" என்றார். அப்பா நோட்டீஸை வாங்கி மெதுவாகப் படித்தார். படித்துவிட்டு, "நீரு கள்ளன்தான் ஓய். ஆனா எனக்குக் கள்ளன். அவனுக்கு இல்ல" என்றார். அன்றைக்குத்தான் அவர்கள் இரண்டு பேரும் முதன்முதலாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

நாகர்கோவிலில் நம் வக்கீல் அம்மாவிடம் போனோம். அவர் அதை வாசித்துவிட்டு, "பயப்படாதீங்க, இது இன்னும் பேட்டன்ட் ஆகல்ல. விண்ணப்பம்தான். அனுமதி குடுக்கதுக்கு முன்னால யார் வேணும்னாலும் எதிர்ப்புச் சொல்லலாம்" என்றார். "யார் வேணும்னாலுமா?" என்றேன். "ஆமா. நீங்களும் சொல்லலாம்." அப்படியானால் நான் சொல்லுகிறேன் என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பேட்டன்ட்டே வேண்டாம் என்று நின்றவள் பேட்டன்ட் ஆபீஸுக்கு எதிர்ப்புக் கொடுக்கப் போகிறேன் என்கிறாளே என்று நினைத்திருப்பார். கம்பெனிக்கு முன்பே இது ஊரில் பகிரங்கமாக இருந்தது என்று காட்ட வேண்டும். நாங்கள் கம்பியை ஊருக்கெல்லாம் கொடுத்தோமே தவிர, எங்கேயும் ஒரு படமோ ஒரு வரியோ போட்டு வைக்கவில்லை. ஆட்கள்தான் சாட்சி. நான் வீடு வீடாகப் போனேன். கோர்ட்டு காரியம் என்று பயந்து பலர் கதவுக்குள்ளேயே நின்று பேசினார்கள். லீலா முதலில் எழுதிக் கொடுத்தாள். மடங்கிய கையால் பேனாவைப் பிடிக்க முடியாமல் இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

மாமாவிடம் கம்பெனி ஆள் வந்திருக்கிறான். "நீங்க எதுக்குச் சண்டைக்கு நிக்கணும்? எங்க மெஷின் விக்கிற ஏஜென்சிய உங்களுக்கே தாறோம். சாட்சிக்கு மட்டும் போகாண்டாம்" என்றானாம். அந்த வருஷம் மாமாவுக்குப் பட்டறையில் வேலை குறைவு. மூத்த மகளுக்குக் கல்யாணமும் பேசிக்கொண்டிருந்தார்கள். இதை அவரே நம் வீட்டுக்கு வந்து சொன்னார். போட்டு வைத்த சாயா ஆறிப்போனது. ஏஜென்சியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் உரிமையில்லை. கடைசியில் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "பேப்பர எடுங்க அக்கா. லீலாவுக்க கைய நான் பாத்துட்டேன். இனி ஒரு ஏஜென்சியும் எனக்குத் தொண்டைக்குள்ள எறங்காது" என்றார். உன் அலமாரியில் அவர் பெயர் வேண்டும் என்று நான் சொல்லுவது உறவுக்காக இல்லை மக்கா. அதற்கு வேறு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன். ஆனால் இவர் எப்படிப்பட்ட மனிதர் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பேட்டன்ட் ஆபீஸின் விசாரணை, வக்கீல் அம்மாவின் ஆபீஸிலேயே கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. பேசச் சொன்னால் என்னென்ன பேச வேண்டும் என்று நான் பல நாள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. இரண்டு பக்கத்து வக்கீல்களும் ஆங்கிலத்தில் பேசினார்கள், அதிகாரி குறித்துக்கொண்டார், முடிந்தது. அங்கே என் விரலுக்கு வேலை இல்லை. வேலை செய்தது ஒரு படம். விசாரணைக்கு முன்னால் வக்கீல் அம்மா தேடியெடுத்தது. எங்கோ வெளிநாட்டில், எங்கள் காலத்துக்கு ரொம்ப முன்னால், பெரிய ரப்பர் ஆலை மெஷினுக்கு ஒருத்தர் பேட்டன்ட் வாங்கியிருக்கிறார். அந்த ஆவணத்தில் கோட்டுப்படம். ஒரு ஆள் உருளை முன்னால் நிற்கிறான். அவன் இடுப்புக்கு நேராக ஒரு கம்பி. உடம்பு அதில் தட்டினால் உருளைகள் விலகும்.

கம்பெனி பொய் சொல்லுகிறது என்று நான் கொதித்துக்கொண்டிருந்தேன். இப்போது பார்த்தால் அது எனக்கும் சொந்தமில்லை. நான் வலித்துக் கண்டுபிடித்ததை இன்னொருவர் முன்பே வரைந்து வைத்திருக்கிறார். அப்பா அந்தப் படத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு பார்த்தார். "இவனுக்கும் ஆரோ வேண்டப்பட்டவங்களுக்கு விரல் போயிருக்கும்" என்றார். என் மனசு அந்தச் சொல்லில்தான் சமாதானமானது. சில மாதத்தில் கம்பெனியின் விண்ணப்பம் தள்ளுபடியானது. மாமா மறுநாளே பட்டறையைத் திறந்து ரோலர் செய்யத் தொடங்கினார், தடித்த ஸ்பிரிங்கோடுதான்.

இதில் நான் யோசித்துக்கொண்டே இருந்த ஒன்று உண்டு. நம்மைக் காப்பாற்றியது எது? ஒரு பேட்டன்ட். நம்மை மிரட்டியது எது? இன்னொரு பேட்டன்ட் விண்ணப்பம். நான் வக்கீல் அம்மாவிடமே கேட்டேன். அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. ஒருவருக்கு அரசாங்கம் காப்புரிமையைச் சும்மா கொடுப்பதில்லை. நீ கண்டுபிடித்ததை மறைக்காமல் முழுதும் எழுதி, வரைந்து, எல்லோரும் பார்க்க வை. பதிலுக்குக் கொஞ்ச காலம் அது உன்னுடையது. அந்தக் காலம் முடிந்தால் ஊருக்குச் சொந்தம். அந்த வெளிநாட்டுக்காரர் தன் காலத்தை அனுபவித்துவிட்டுப் போய்விட்டார். அவர் வரைந்து வைத்த படம், அவருக்கு யார் என்றே தெரியாத நமக்கு வந்து உதவியது. நானோ எல்லோருக்கும் கொடுத்தேன் என்று நெஞ்சை நிமிர்த்தினேன், எழுதி வைக்கவில்லை. அதனால் ஒருவர் மெலிந்த ஸ்பிரிங் போட்டபோது கேட்க முடியவில்லை, இன்னொருவன் தன்னுடையது என்றபோது உடனே மறுக்கவும் முடியவில்லை. புதுசாக ஒன்றைச் செய்கிறவனுக்குக் காப்புரிமை துணையா தடையா என்று நீ காலேஜில் கட்டுரை எழுதினாயே, துணை என்று ஒரு பக்கமும் தடை என்று ஒரு பக்கமும். நான் அதைப் படித்துவிட்டு அப்போது சிரித்தேன். இப்போது கேட்டால் சொல்லுவேன்: யார் கையில் இருக்கிறது, அவர் அதை வைத்து என்ன செய்வதாக நினைக்கிறார் என்று பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

இனி உன் கம்பெனிக் காகிதத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியதை வக்கீல் அம்மா வரி வரியாக எனக்குத் தமிழில் சொன்னார். அலமாரியின் முழு உரிமையும் அவர்களுக்கு. நீயோ மாமாவோ இனி அதைச் செய்யவும் கூடாது, செய்யச் சொல்லிக் கொடுக்கவும் கூடாது. பிறகு ஒரு வரி: கம்பெனி அதைத் தயாரிக்கலாம், தயாரிக்காமலும் இருக்கலாம். அந்த இடத்தில் நான் நிறுத்தச் சொன்னேன். உன் கம்பெனி ஷீட் உலர்த்தப் பெரிய மின்சார அறைகளை விற்கிறது. தேங்காய்ச் சிரட்டை எரித்து, கரண்டே இல்லாமல், சின்ன விவசாயி வீட்டுப் பின்புறத்தில் வைத்துக்கொள்ளுகிற அலமாரி வெளியே வந்தால் அவர்களுக்கு லாபமா நஷ்டமா? அதை வாங்கிப் பரணில் போட்டுப் பூட்டத்தான் கேட்கிறார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனால் பூட்டினால் உன்னால் திறக்க முடியாது என்பது அந்த வரியில் தெளிவாக இருக்கிறது. ஆனி ஆடியில் இந்தப் பக்கத்தில் ஷீட் எப்படிப் பூஞ்சணப் பூப்புப் பிடிக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தப் புகைப்புரை கட்ட வழியுள்ளவன் தப்பிப்பான். லீலா மாதிரி நாலு மரம் வைத்திருக்கிறவள் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டு, கிடைத்த விலைக்குக் கொடுப்பாள். போன மழையில் உன் அலமாரியில் அவள் ஷீட் பொன்னாக உலர்ந்து வந்தபோது அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாளே, அந்த முகத்தை நீயும் பார்த்தாய்.

அப்படியானால் எனக்கு எதுவும் வேண்டாம், பழையபடி ஊரெல்லாம் அளந்துகொண்டு போகட்டும் என்று நீ நினைக்கலாம். உனக்கு என் ரத்தமும் உண்டே. அதையும் நான் விட மாட்டேன். அலமாரியின் முதல் சோதனையில் என்ன நடந்தது? சிரட்டைப் பொறி பறந்து ஷீட்டில் பிடித்து, புளியமர உயரத்துக்குக் கரும்புகை எழும்பியது. நீ மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு நின்றாய். மறுநாள் மாமா வந்து தகட்டை இரண்டாக வளைத்து, பொறி உள்ளேயே விழுந்து சாக, சூடு மட்டும் மேலே ஏறும்படி ஒன்றை வைத்தார். அதற்குப் பிறகுதான் அது அலமாரி. அதுவரை அது வெறும் தீ. அவர் பெயர் ஏன் வேண்டும் என்று இப்போது தெரிகிறதா? அந்தத் தகட்டை விட்டுவிட்டு விலை குறைத்து விற்க ஒருவன் வருவான். கட்டாயம் வருவான். வீட்டோடு சேர்த்து வைக்கிற சாமான் இது. போவது விரலோடு நிற்காது. அப்போது "நீ யாரு கேக்க?" என்று அவன் கேட்டால், நான் யார் என்று சொல்ல இந்தத் தடவை நம் கையில் ஒன்று இருக்க வேண்டும்.

ஆகவே பதிவு செய். உரிமை உன்னிடமும் மாமாவிடமும் இருக்கட்டும். எந்த லேத்துக்காரன் வந்து கேட்டாலும் அனுமதி கொடு. கொடுக்கும்போது தகடு இந்த அளவில், இந்தத் தடிமனில் என்று எழுதி வாங்கு. உன் கம்பெனி கேட்டாலும் கொடு, அவர்கள் நமக்குப் பகையில்லை. செய்வதற்குக் கேட்டால் கொடு. அடைத்து வைப்பதற்குக் கேட்டால் கொடுக்காதே.

வேலை போய்விடுமோ என்று நீ பயப்படுகிறாய். நீ சொல்லாவிட்டாலும் உன் குரலில் அது இருந்தது. போகலாம் மக்கா. போகாது என்று பொய் சொல்லி உன்னைத் தள்ளிவிட நான் தயாரில்லை. வக்கீல் அம்மா உன் நியமன உத்தரவையும் பார்த்தார். நீ இருப்பது பம்ப் பிரிவில். இதைச் செய்தது லீவில், நம் வீட்டில், நம் இரும்பில். உரிமை உன்னுடையதுதான் என்கிறார். அவர்கள் வாதாடினால் நாமும் வாதாடலாம், எனக்கு அந்த வழி தெரியும். வேலை போனால் இரண்டு பட்டறைகள் இங்கே இருக்கின்றன, அப்பாவுக்கும் மாமாவுக்கும் கண் மங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் அதற்காக நீ வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உனக்கு விருப்பமான வேலை அங்கே இருக்கிறது. மரியாதையாகப் பேசு, நிமிர்ந்து பேசு. கையெழுத்துப் போட மாட்டேன் என்பதை மட்டும் தயங்காமல் சொல்.

இன்னொன்று. நேற்று ரப்பர் விவசாயிகள் சங்கத்திலிருந்து ஆள் வந்தது, கூட்டத்தில் காட்ட அலமாரி வேண்டும் என்று. விண்ணப்பம் கொடுக்கும் முன்னால் கூட்டத்தில் வைத்தால் உரிமை கேட்கிற வழியே அடைபடலாம் என்று வக்கீல் அம்மா சொல்லியிருக்கிறார். நான் தார்ப்பாயை எடுத்து அலமாரியை மூடிக் கயிறு போட்டுக் கட்டினேன். கட்டும்போது லீலா வேலிப் பக்கம் நின்று பார்த்தாள். "அக்கா, நீங்களா மூடி வைக்கிறது?" என்றாள். சுருக்கென்றது. "மறைக்கதுக்கு இல்ல லீலா. எழுதி வைக்கதுக்கு. எழுதி முடிச்ச உடனே நீதான் வந்து அவிழ்க்கணும்" என்றேன். அவள் முகம் முழுதாகத் தெளியவில்லை. தெளிய வைக்க வேண்டியது நம் பொறுப்பு.

வருகிற திங்கட்கிழமைக்கு வக்கீல் அம்மா நேரம் கொடுத்திருக்கிறார். மாமா வெள்ளை வேட்டியை இப்போதே தேய்த்து வைத்துவிட்டார். தகட்டின் படத்தை அப்பா வரைந்துகொண்டிருக்கிறார். மூன்று தடவை கிழித்துவிட்டார். நீ சனிக்கிழமை ரயிலேறு. உன் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் நகராது. திங்கள் சாயங்காலம் நாகர்கோவிலிலிருந்து திரும்பியதும் லீலா கயிற்றை அவிழ்ப்பாள், ஊர் வந்து பார்க்கட்டும், அளக்கட்டும். வானம் மகேந்திரகிரிப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது, அவள் வீட்டில் ஈர ஷீட் கிடக்கிறது.

உன் அம்மா